தமிழர், கன்னடர், தெலுங்கரை வரலாற்று உத்திக் கணினி விளையாட்டுகள் ஒரே ‘திராவிட’க் குழுவில் சேர்ப்பது சரியா?

பெங்களூரு தொம்மலூரில் பல ஆண்டுகளாகக் குடியிருந்து, இவ்வகை விளையாட்டுகளை ஈடுபாட்டோடு ஆடி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: குழு பிரிப்பதில் தவறில்லை, மொழிக்குடும்பம் என்ற ஒன்றையே உறவுக்கு அளவுகோலாக்குவதில்தான் பிழை இருக்கிறது.

‘யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4’ விளையாட்டு 1444 நவம்பர் 11 அன்று தொடங்குகிறது. விஜயநகரத்தை எடுத்து ஆடினால், கன்னடமும் தமிழும் தெலுங்கும் ஒரே குழுவில் இருப்பதால் அந்நிலங்களை ஆள்வது எளிது. பேரரசு நிலையை எட்டிவிட்டால் குழுவிலுள்ள எல்லாப் பண்பாடுகளும் ஏற்கப்பட்டவையாகிவிடும். வடக்கே ஒரு மராத்தி மாகாணத்தைப் பிடித்தாலோ வரி குறையும், கலகம் கூடும். ஆனால் இம்மொழிகள் ஒரு குடும்பம் என்பதை ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் 1816இலும் கால்டுவெல் விரிவாக 1856இலும்தான் எழுதினார்கள். விஜயநகர ஆட்சியில் வரி வாங்க வந்த தெலுங்கு அதிகாரியை, மொழி உறவை எண்ணி ஒரு தமிழ்க் குடியானவர் தம்மவராகக் கருதியிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ 2022இல் ‘இந்தியர்’ என்ற ஒரே நாகரிகத்தைப் பிரித்துத் திராவிடரைத் தனியே கொண்டுவந்தது. அது மகிழ்ச்சிதான், எனினும் கேரளத்துச் சுருள்வாளான உருமியும் திரிசடை என்ற போர்க்கப்பலும் அங்கே அந்த ஒரே நாகரிகத்துக்கு உரிய படைப்பிரிவுகளாகிவிட்டன.

என் பார்வையில் ‘குருசேடர் கிங்ஸ் 3’ சரியான வழிக்கு வந்திருக்கிறது. அதுவும் முதலில் குழுக்களோடுதான் வெளிவந்தது. 2022 பிப்ரவரியில் அதை விட்டுவிட்டு, மரபு, மொழி, போர் வழக்கம், விழுமியம் என்று ஒவ்வொரு பண்பாட்டையும் தனித்தனிக் கூறுகளாகப் பிரித்தது. இரு பண்பாடுகளுக்கு இடையிலான இணக்கம் 0 முதல் 100 வரை ஓர் எண். ஒரே ஆட்சியின் கீழ் சேர்ந்து வாழ்ந்தால் அது ஆண்டுக்கணக்கில் மெல்ல உயரும்.

இதன் பொருத்தத்தை எங்கள் பகுதிச் சொக்கநாத சுவாமி கோயிலில் கண்ணாரக் காணலாம். கன்னட நாட்டில் எழுந்த போசள மரபின் மன்னர் இராமநாதன் காலத்துக் கொடையைக் கல்வெட்டு தமிழில் சொல்கிறது. தொம்மலூர் அதில் ‘தொம்பலூர்’. பக்கத்து வீட்டுக் கன்னட நண்பருக்கு ஒருமுறை அந்தக் கல்வெட்டைக் காட்டினேன். எழுத்து அவருக்குப் பிடிபடவில்லை, ஊர்ப்பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. அரசர் ஒரு மொழியினர், கல்லில் இருப்பது வேறு மொழி, கோயில் இருவருக்கும் பொது. கூறுகளைத் தனித்தனியாகக் குறிக்கும் முறையில்தான் இந்த உறவுக்கு இடம் இருக்கிறது.