உறையில இருந்த ரெப்ளிகா கத்தில துரு

அண்ணே, காரைக்குடி வீட்டு முகப்புல மாட்டுன ரோண்டல் டேகர்ல (பழைய ஐரோப்பியக் குத்துவாள் மாதிரி செஞ்ச அலங்காரக் கத்தி) மழை முடிஞ்சு பாத்தா ஆரஞ்சு புள்ளி, வீட்ல புளி போட்டுத் தேய்க்கச் சொல்றாங்கன்னு கேட்டிருந்தீங்க. புளி வேணவே வேணாம். அது பித்தளைக் குத்துவிளக்குக்குத்தான் சரி, இரும்புல அந்த அமிலம் பட்டா கறுத்துப்போயிரும், உங்க கைப்பிடி பித்தளையே இல்லாம வெறும் முலாமா இருந்தா அதுவும் உரிஞ்சு வந்துரும்.

தப்பு எங்கன்னா நீங்க அதை தோல் உறைக்குள்ளயே வச்சிருந்தது. தோல் ஈரத்தை இழுத்து வச்சிக்கும், தோல் பதனிடப் போட்ட ரசாயனம் வேற அதுல இருக்கும், ஐப்பசி கார்த்திகைல முற்றத்துச் சாரல் அடிக்கிற வீட்ல கேக்கவே வேணாம். உறையை தனியா மாட்டுங்க, கத்தியை தனியா வைங்க.

புள்ளிக்கு, நாலு சைபர் (0000) நம்பர் ஸ்டீல் வுல்ல, அதாவது ரொம்ப மெல்லிசான இரும்பு நார்ல, தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டு கத்தி நீளவாக்குல மட்டும் மெதுவா தேய்ங்க, வட்டமா தேய்ச்சா கீறல் வெளிச்சத்துல பல்லிளிக்கும். அப்புறம் துணியால நல்லா துடைச்சிட்டு அதே எண்ணெயை மெல்லிசா பூசி விடுங்க, தேங்காண்ணெய் பூசாதீங்க, நாளாக நாளாக பிசுபிசுன்னு ஆகி தூசியைப் பிடிச்சிக்கும். வர்றவங்க தொட்டுப் பாத்தா உடனே துடைச்சிருங்க, கை வேர்வை உப்புதான் பெரிய வில்லன்.

சாணை பிடிக்கிற ஐடியா இருந்தா விட்ருங்க. ரோண்டல் 14, 15ஆம் நூற்றாண்டுல கவச இடுக்குல குத்துறதுக்குன்னு வந்த சாமான், அலங்காரப் பீஸுக்கு கூர் எதுக்குண்ணே?