எச்.ஐ.வி.யும் ஹெப்படைட்டிஸ் சி-யும் உள்ளவர்களுக்கு மாரடைப்பு அபாயம் ஏன் கூடுகிறது?

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாயின் உள்சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து வழியை அடைத்துவிட, தசையின் ஒரு பகுதி மடிவதே மாரடைப்பு. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இந்த அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு.

மாத்திரைகளால் வைரஸ் அடங்கியிருந்தாலும் நோய் எதிர்ப்பு மண்டலம் முழுமையாக ஓய்வதில்லை; உமிக்குவியலின் உள்ளே கனலும் தீயைப்போல, வெளியே தெரியாத அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடித்து ரத்தக் குழாயின் சுவரை அரிக்கிறது. கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்றான ஹெப்படைட்டிஸ் சி சேரும்போது அழற்சி மேலும் வலுக்கிறது. இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: கொழுப்பை ரத்தத்தில் விடும் கல்லீரலே பாதிக்கப்படுவதால், பரிசோதனை அறிக்கையில் கெட்ட கொழுப்பு குறைவாகவே தெரியக்கூடும், அந்த எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடைவது சரியன்று.

2023இல் வெளியான ரிப்ரீவ் ஆய்வில், அபாயம் குறைவு அல்லது மிதம் எனக் கணிக்கப்பட்ட எச்.ஐ.வி. உள்ளவர்கள் கொழுப்பைக் குறைக்கும் பிடாவாஸ்டாட்டின் மாத்திரையைத் தினமும் எடுத்தபோது, மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் 35 சதவீதம் குறைந்தன.

எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரைதான் மாரடைப்பை வரவழைக்கிறது என்றெண்ணிச் சிலர் அதை நிறுத்துவதுண்டு. ஒருசில மருந்துகளைப் பற்றி அந்த ஐயத்துக்கு இடமிருந்தாலும், 2006இல் வெளியான ஸ்மார்ட் ஆய்வில் மருந்தை விட்டுவிட்டு எடுத்தவர்களுக்கே இதய நோய் அதிகம் வந்தது.