பார்டர்லைன் பர்சனாலிட்டி என்றால் ஒருவருக்குள் இரண்டு பேர் இருப்பதா?

கேள்வி: தங்கைக்கு ‘பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர்’ என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அவளுக்குள் இன்னொரு ஆள் இருக்கிறாரா? போன வருடம் கை கால் இழுத்துக்கொண்டு விழுந்தாள், ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். அதுவும் இதில் சேருமா?

பதில்:

இன்னொரு ஆள் இல்லை. பெயரால் வரும் குழப்பம் இது. ‘மல்ட்டிபிள் பர்சனாலிட்டி’ என்று நாம் கேள்விப்பட்ட நோய், ஆளுமைக் கோளாறு (பர்சனாலிட்டி டிஸார்டர்) என்ற வகையிலேயே வராது; பார்டர்லைன்தான் அந்த வகை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம். கையேடு 1994-இல் அதன் பெயரை ‘டிஸோஸியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸார்டர்’ என்று மாற்றிவிட்டது. ஓர் உடம்பில் பல பேர் குடியிருக்கவில்லை, ஒரே மனிதரின் நினைவும் உணர்ச்சியும் ‘நான்’ என்ற எண்ணமும் கோர்வை அறுந்து நிற்கின்றன என்பதால்தான் அந்த மாற்றம். அப்படி அறுந்து நிற்பதைத்தான் டிஸோஸியேஷன் என்கிறோம். மனச்சிதைவு (ஸ்கிஸோஃப்ரினியா) இவை இரண்டிலும் சேராத மூன்றாவது நோய்.

ஆளுமைக் கோளாறில் ஆள் ஒருவர்தான், நினைவும் தொடர்ந்தே இருக்கும். தன்னையும் பிறரையும் அவர் பார்க்கும் விதமும், உணர்ச்சியைக் கையாளும் விதமும் வீடு, வேலை, நட்பு என்று எங்கே போனாலும் இடறுகின்றன. அதுவும் வருடக்கணக்கில். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.-11 குறைந்தது இரண்டு வருடம் என்கிறது. அதனால் ஒரு மாதச் சண்டையையோ காதல் தோல்வியையோ வைத்து யாருக்கும் இந்தப் பெயரைச் சூட்டக் கூடாது.

வீட்டில் ஆளுமைக் கோளாறையும் டிஸோஸியேஷனையும் பிரித்துப் பார்க்க முதலில் நினைவைப் பற்றிக் கேளுங்கள். நேற்று இரவு தட்டை வீசி எறிந்தவர் இன்று காலை, ‘எறிந்தேன், அப்போது அடக்க முடியவில்லை’ என்று அழுதால் நினைவு அறுபடவில்லை. மாறாக, சட்டைப் பையில் மதுரை பஸ் டிக்கெட் இருக்கிறது, எப்போது போனோம், எதற்குப் போனோம் என்பது சுத்தமாகத் தெரியவில்லை, தன் கையெழுத்திலேயே இருக்கும் குறிப்பு தனக்கே புதிதாக இருக்கிறது என்றால், அது டிஸோஸியேஷன் பக்கம் கைகாட்டுகிறது. அப்போதும் வலிப்பு நோய், தலையில் அடி, குடி, சில தூக்க மாத்திரைகள் ஆகியவற்றை முதலில் விலக்க வேண்டும். இவையும் இதே போன்ற மறதியைத் தரும்.

டிஸோஸியேஷன் எல்லாமே இவ்வளவு தீவிரமாக இருக்காது. தன் உடம்பைத் தானே வெளியே நின்று பார்ப்பது, கண்ணாடிக்கு அப்பால் உலகம் ஓடுவது என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் பேச்சில் ஒரு சொல்லைக் கவனியுங்கள்: ‘போல’. ‘நான் ரோபோ போல இருக்கிறேன்’, ‘எல்லாம் கனவு போல இருக்கிறது’. அது உண்மையில்லை என்ற தெளிவு அவர்களிடம் இருக்கிறது. ‘போல’ போய் ‘நான் ரோபோதான்’ என்று உறுதியாகச் சொன்னால் டாக்டர் வேறு திசையில் யோசிப்பார். கஞ்சாவும் தூக்கமின்மையும் இந்த உணர்வைக் கிளப்பிவிடும் என்பதால் அவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சாமியாடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நம் ஊரில் இது இல்லாமல் பேச்சு முடியாது. கொடை விழாவில் உடுக்கைச் சத்தத்துக்கு அருள் வந்து, விழா முடிந்ததும் இறங்கிவிட்டால் அது நோய் இல்லை. டி.எஸ்.எம்., ஐ.சி.டி. இரண்டுமே சமூகம் ஏற்ற வழிபாட்டை வெளியே வைத்துவிட்டன. விரும்பாத நேரத்தில், கோயிலுக்குத் தொடர்பில்லாத இடத்தில், திரும்பத் திரும்ப வந்து படிப்பையும் வேலையையும் கெடுத்தால்தான் அது கோளாறு. அந்த நிலையில் உள்ளவரைக் கட்டிவைப்பதும் அடிப்பதும் கொடுமை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். அதை நாம் மறக்கவே கூடாது.

இனி, உங்கள் தங்கை விழுந்தது. நம் நாட்டு மனநலப் பிரிவுகளில் டிஸோஸியேஷன் பெரும்பாலும் இப்படி உடம்பு வழியாகத்தான் வருகிறது: வலிப்பு மாதிரி, பேச்சு நிற்பது, கால் விளங்காமல் போவது. இது நடிப்பு இல்லை. நடிப்பவர் வேண்டுமென்றே செய்கிறார், இவர் கையில் அது இல்லை. வலிப்பு நோயில் பொதுவாகக் கண் திறந்திருக்கும், இழுப்பு ஒரே சீராக வந்து இரண்டு நிமிடத்துக்குள் அடங்கும், நாக்கின் பக்கவாட்டில் கடிபடலாம். டிஸோஸியேட்டிவ் வலிப்பில் கண் இறுக மூடியிருக்கும், தலை இடமும் வலமும் ஆடும், இழுப்பு கூடிக் குறைந்து நீண்ட நேரம் போகும், நடுவில் அழுகை வரலாம். ஆனால் இதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு முடிவு கட்டாதீர்கள், சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். ஸ்கேனிலோ சாதாரண இ.இ.ஜி.யிலோ ஒன்றும் இல்லை என்பதால் வலிப்பு நோய் இல்லை என்று ஆகிவிடாது. உறுதியாகச் சொல்ல வீடியோ இ.இ.ஜி. வேண்டும், அதாவது இழுப்பு வரும் அந்த நேரத்திலேயே மூளையின் அலைகளையும் ஆளையும் சேர்த்துப் பதிவு செய்வது.

அடுத்த முறை வந்தால் ஒருவர் பக்கத்தில் இருக்க, இன்னொருவர் மொபைலில் முகமும் கண்ணும் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள், மணியையும் குறித்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் வாயால் சொல்வதைவிட நரம்பியல் டாக்டருக்கு அந்த வீடியோ உதவும். கையில் சாவி கொடுக்க வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம், கிள்ளிப் பார்க்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கூட்டத்தை விலக்கி, தணிந்த குரலில் பெயர் சொல்லிப் பேசுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. இதற்கு முன் யாராவது வலிப்பு மாத்திரை கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

பார்டர்லைனுக்கும் இதற்கும் ஒட்டே இல்லையா என்றால், இருக்கிறது. டி.எஸ்.எம். பார்டர்லைனுக்கு ஒன்பது அடையாளங்களைச் சொல்லி, அவற்றில் குறைந்தது ஐந்து பொருந்த வேண்டும் என்கிறது. ஒன்பதாவது, கடும் மன அழுத்தத்தில் சிறிது நேரம் வந்துபோகும் டிஸோஸியேஷனையும் சேர்த்துக்கொள்கிறது. அதனால் ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம். ஆனாலும் பார்டர்லைனின் மையம் வேறு: கைவிட்டுவிடுவார்களோ என்ற தாங்க முடியாத பயம். தோழிக்கு மெசேஜ் போகிறது, நீல டிக் விழுகிறது, நாற்பது நிமிடம் பதில் இல்லை. உங்களுக்கு அது ஒரு சின்னக் கடுப்பு. அவளுக்கோ அந்த நாற்பது நிமிடத்தில் நட்பே முடிந்துபோகிறது. வரிசையாக இருபது மெசேஜ், பிறகு பிளாக், பிறகு பிளேடு. ‘கவனத்தை இழுக்கிறாள்’ என்று வீட்டில் சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்த வலியை அடக்க அவளுக்கு இப்போதைக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான், வேறு வழிகளைக் கற்றுக்கொடுப்பதுதான் சிகிச்சை.

அதற்கென்றே அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கியது டி.பி.டி. (டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி) என்ற பேச்சுச் சிகிச்சை. வாரம் ஒரு தனி அமர்வு, ஒரு குழு வகுப்பு, நெருக்கடியில் அழைக்க ஒரு தொலைபேசி வழி என்று சுமார் ஒரு வருடம் போகும். அதில் வரும் ஒரு பயிற்சி: கொந்தளிப்பு உச்சத்தில் இருக்கும்போது மூச்சை அடக்கி, குளிர்ந்த நீர் நிறைந்த பாத்திரத்தில் முகத்தை 30 விநாடி வரை வைப்பது. நீரில் மூழ்கும்போது இதயத்துடிப்பு குறையும் இயல்பு உடம்பிலேயே இருக்கிறது, அதைத்தான் இது தூண்டுகிறது. இதயக் கோளாறு உள்ளவர்களும், சாப்பாட்டில் ஒழுங்கு கெட்டு உடம்பு மெலிந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது. பார்டர்லைனைக் குணமாக்கும் மாத்திரை என்று ஒன்று கிடையாது, கூடவே இருக்கும் மனச்சோர்வுக்குத்தான் மாத்திரை. முன்னேற்றம் நிச்சயம் உண்டு. அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் 290 பேரைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்ததில் 93 சதவீதம் பேருக்கு, இரண்டு வருடமாவது நோய் அடையாளங்கள் அளவுக்கோட்டுக்குக் கீழே போயிருந்தன. வேலையும் உறவும் சேர்ந்து நிலைபெற்றது பாதிப் பேருக்குத்தான், அதற்குக் கூடுதல் உழைப்பு வேண்டும்.

டிஸோஸியேஷன் சிகிச்சையில் முறை தவறினால் கெடுதல் வரும். முதலில் பாதுகாப்பு, தூக்கம், நிகழ்காலத்தில் ஊன்றி நிற்கும் பயிற்சி (பாதத்தைத் தரையில் அழுத்தி, இன்றைய தேதியை உரக்கச் சொல்லி, காபித்தூளை முகர்ந்து), அதன் பிறகுதான் பழைய காயத்தைத் தொட வேண்டும். முதல் நாளே ‘சின்ன வயதில் என்ன நடந்தது, எல்லாவற்றையும் சொல்லு’ என்று தோண்டுபவரிடமும், ஹிப்னாடிஸம் செய்து மறந்ததை மீட்டுத் தருகிறேன் என்பவரிடமும் போகாதீர்கள். நடக்காததும் நினைவாகப் பதிந்துவிடும்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள்: விழுந்ததை இந்த நோயோடு சேர்த்துப் பார்த்தீர்களா, நரம்பியல் கருத்து வேண்டுமா? பேச்சுச் சிகிச்சை தருபவர் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா? மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இதைத் தொடங்கலாம். தங்கை சாவைப் பற்றிப் பேசினாலோ கையைக் கிழித்துக்கொண்டாலோ அந்த நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. காயம் ஆழமாக இருந்தாலோ மாத்திரையை அள்ளி விழுங்கியிருந்தாலோ நேராக அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.