முன்னால் 29, பின்னால் 36: ஸ்போர்ட்ஸ் காருக்கு எவ்வளவு காற்று?

கேள்வி: 2008-ஆம் ஆண்டு போர்ஷே பாக்ஸ்டர் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கியிருக்கிறேன். சக்கரம் 18 அங்குலம். முன் டயர் 235/40, பின் டயர் 265/40. கதவோர ஸ்டிக்கரில் முன் 29, பின் 36 பி.எஸ்.ஐ. என்று இருக்கிறது. தெருமுனை பஞ்சர் கடை அண்ணனோ, “எல்லாக் காருக்கும் 35தான்” என்று நான்கிலும் அதையே வைக்கிறார். டயரின் பக்கவாட்டில் 50 என்று அச்சாகியிருக்கிறது. “வெயில் காலத்தில் குறைத்து வை, வெடித்துவிடும்” என்கிறார் மாமா. டயர் ஷோரூமில் நைட்ரஜன் அடிக்கச் சொல்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், புதுவண்ணாரப்பேட்டை

பதில்: ஸ்டிக்கரின் பேச்சை. மற்றவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். டயர் ஷோரூமை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கத் தயங்குகிறேன்.

பஞ்சர் கடை அண்ணனிடம் வருகிற கார்களில் பெரும்பாலானவற்றுக்கு என்ஜின் முன்னால் இருக்கும், நான்கு டயரும் ஒரே அளவாக இருக்கும். அவற்றுக்கு 35 வைத்தால் பெரிய கெடுதல் இல்லை. உங்கள் வண்டியில் என்ஜின் இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது. எடையில் பாதிக்கு மேல் பின் சக்கரங்கள்தான் சுமக்கின்றன. அதனால்தான் பின் டயர் அகலமாகவும் அதன் காற்று 7 பி.எஸ்.ஐ. கூடுதலாகவும் இருக்கிறது. அந்த வித்தியாசத்தை அழித்துவிட்டால், அத்தனை பணம் கொடுத்து வாங்கிய வண்டியின் குணமே போய்விடும்.

நான்கிலும் 35 என்றால் பின்னால் ஒன்றுதான் குறைவு, பரவாயில்லை. முன்னால் ஆறு அதிகம். பாரம் குறைந்த முன் டயர் நடுப்பட்டையில் மட்டும் சாலையைத் தொடும். ஸ்டீயரிங் துள்ளும், மழையில் திருப்பினால் மூக்கு நேராகவே போகப் பார்க்கும், டயரும் நடுவில் மட்டும் தேயும். இதற்கு நேர்மாறாக நான்கிலும் 29 வைப்பது இன்னும் மோசம். பாரம் தாங்கும் பின் டயரின் பக்கச்சுவர் நெளிந்து சூடேறும். வேகமான வளைவில் வால் நழுவும். இந்த வகை வண்டியில் வால் நழுவத் தொடங்கினால் சட்டென்று நழுவிவிடும். அதைப் பிடித்து நிறுத்துவது பழகிய பந்தய ஓட்டுநரின் வேலை.

பக்கவாட்டில் உள்ள 50, அந்த டயர் தாங்கும் உச்ச வரம்பு. டயர் எந்தக் காரில் ஏறப்போகிறது என்பது டயர் கம்பெனிக்குத் தெரியாது. அதை அடிக்க வேண்டிய அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மாமாவுக்குக் கொஞ்சம் விளக்கமாகவே பதில் சொல்ல வேண்டும். கோடையில் டயர் வெடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் காற்று குறைவாக இருப்பதுதான். குறைந்த காற்றில் பக்கச்சுவர் ஓயாமல் மடங்கி நிமிர்ந்து, உள்ளே சூடேறி, கடைசியில் கிழிகிறது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறும். ஓடிய டயரில் நான்கைந்து கூடுதலாகக் காட்டுவது இயல்பு. அதையும் கணக்கிட்டுத்தான் ஸ்டிக்கரில் குளிர்ந்த டயருக்கான எண்ணைத் தருகிறார்கள். ஓடிவந்த சூட்டில் காற்றை இறக்கிவிடாதீர்கள். இன்னொன்று, போர்ஷே சொல்லும் அந்த எண்கள் 20 டிகிரி வெப்பத்துக்கானவை. நம் ஊரில் மார்கழி விடியலில்கூட அந்தக் குளிர் அபூர்வம். 30 டிகிரி காலையில் 29, 36 என்று வைத்தால் உண்மையில் ஒன்றரை குறைத்து வைத்ததாக ஆகிறது. ஆகவே கோடையில் ஒன்று, ஒன்றரை கூட்டி வைப்பதே சரி. மாமாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

நைட்ரஜனுக்குக் காசு கொடுக்க வேண்டாம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

அளப்பதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். பெட்ரோல் பங்க்கில் காற்று இலவசம்; ஆனால் பங்க்குக்குப் பங்க் மீட்டர் மாறும். சொந்தமாக ஒரு கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் வண்டியை எடுக்கும் முன், டயரில் வெயில் படும் முன் அளந்து பாருங்கள். முன் டயர் 26 காட்டினால் மூன்று குறைவு. பங்க்குக்குப் போய்ச் சேரும்போது சூட்டில் அது 28 ஆகியிருந்தால், அதோடு மூன்று சேர்த்து 31 வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும்.

கன்டெய்னர் லாரிகள் உழுதுபோட்ட எண்ணூர் விரைவுச் சாலையில் இது இன்னும் முக்கியம். உங்கள் முன் டயரின் பக்கச்சுவர் உயரம் வெறும் 94 மி.மீ. காற்று குறைந்திருந்தால் பள்ளத்தின் அடி நேராக ரிம்மில் விழும். பலமாக அடி வாங்கிய பிறகு பக்கச்சுவரில் வீக்கம் தெரிந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். அந்த டயரை மாற்றியே ஆக வேண்டும்.

காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்று யாராவது சொன்னால், அது இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்துக்கான கணக்கு. அங்கே டயர் கடுமையாகச் சூடேறுவதால் தொடக்கத்தில் குறைத்து வைப்பார்கள். வீடு திரும்பும் முன் மறுபடி நிரப்புவார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

கேள்வி: பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பேசி முடிக்கும் நிலையில் இருக்கிறேன். “டயர் எண்பது சதவீதம் இருக்கிறது, பத்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை” என்கிறார் விற்பவர். நம்பலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946-இல் பலூன் செய்யத் தொடங்கிய ஊர் உங்களுடையது. ரப்பருக்கும் வயதாகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், சிக்கலும் அதுதான். இத்தகைய கார்கள் ஷெட்டில் நிற்பதே அதிகம். பட்டன் (டயரில் சாலையைத் தொடும் மேடுகள்) தேயாமல் ரப்பர் மட்டும் இறுகிப்போகும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் தேடுங்கள். 2315 என்றால் 2015-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. உள்பக்கம் திரும்பியிருந்தால் குனிந்து பார்த்துவிடுங்கள். ஆறு வயது தாண்டியிருந்தால் வெடிப்பு இருக்கிறதா என்று தெரிந்தவரிடம் காட்டுங்கள். பத்து தாண்டியிருந்தால் பட்டன் எப்படி இருந்தாலும், நான்கு புது டயரின் விலையைக் காரின் விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.