ரோஸ் மெழுகுதிரி

அன்புள்ள அக்கா,

ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. வேலை பாஸை ரத்து செய்து, நாட்டைவிட்டுக் கிளம்ப 30 நாள் கொடுத்தார்கள். இன்னும் 11 நாள்தான் பாக்கி. ஊருக்கு டிக்கெட் போடட்டுமா என்று ஜெபக்குழுவில் கேட்டேன். போட்டால் ஆண்டவரைச் சந்தேகப்படுவதாக அர்த்தமாம். என் பாவத்தால்தான் இப்படியா? கிறிஸ்துமஸுக்கு முந்தைய இந்தத் திருவருகைக்காலத்தில் நம்பிக் காத்திரு என்கிறார்களே, அதற்கு என்னதான் செய்வது?

— ம., பொங்கோல், சிங்கப்பூர்

அன்புள்ள தம்பி,

டிக்கெட்டைப் போடுங்கள். தேதி மாற்றக்கூடியதாகப் பார்த்துப் போடுங்கள். பாவம் கீவம் என்று உளறவேண்டாம். அந்த ஜெபக்குழுவில் யாருடைய பாஸும் 11 நாளில் முடியவில்லை என்பது என் ஊகம்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் மத்தேயு நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில் மாட்டிக்கொண்டிருந்தேன். திருவருகைக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு, சாமியார் ஊதா அங்கியை விட்டு ரோஸ் உடுத்தும், ரோஸ் மெழுகுதிரி ஏற்றும் நாள். பெயரே ‘மகிழுங்கள்’ ஞாயிறு. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அன்று வாசிப்பதோ, சிறையில் கிடக்கும் திருமுழுக்கு யோவான் ஆள் அனுப்பி இயேசுவிடம் கேட்ட கேள்வி: வரவேண்டியவர் நீர்தானா, இல்லை இன்னொருவருக்காகக் காத்திருக்கவா? யோர்தான் கரையில் இவர்தான் என்று ஊருக்கே அடையாளம் காட்டிய மனுஷன் கேட்கிறார். (சீடர்களுக்காகத்தான் கேட்டார், அவருக்குச் சந்தேகமே இல்லை என்று சமாளிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சமாளிப்பு பிடிக்காது.)

பதிலைப் பாருங்கள். பார்வையற்றோர் பார்க்கிறார்கள், முடவர் நடக்கிறார்கள், இறந்தோர் எழுகிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி. பெரும்பாலும் பழைய ஏற்பாட்டில் எசாயா இறைவாக்கினர் சொன்னவைதான். ஆனால் எசாயா 61இல் சிறைப்பட்டோருக்கு விடுதலை என்றும் இருக்கிறது. நாசரேத்தில் அந்த வரியை வாய்விட்டு வாசித்தவர்தான் இயேசு. இங்கே, கேட்டவர் சிறைக்குள் இருக்கும்போது, அதை மட்டும் சொல்லவில்லை. சொல்லவில்லை, தம்பி! யோவான் வெளியே வரவுமில்லை. அவர் தலை தட்டில் வந்தது. ஆனால் கேட்டதற்காக ஒரு திட்டு உண்டா? பெண்கள் பெற்றவர்களில் அவரைவிடப் பெரியவர் இல்லை என்றார் இயேசு. அதுவும் தூது வந்தவர்கள் கிளம்பிய பிறகு, கூட்டத்திடம். யோவான் காதுக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று எந்த நற்செய்தியிலும் இல்லை. உங்கள் குழுவில் இதை வாசிப்பதே இல்லையா?

இதை நான் முதலில் கேட்டது 1986 டிசம்பரில், ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயிலில், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே உட்கார்ந்து. 85 பொருளாதார மந்தத்தில் கப்பல் பட்டறையில் அப்பாவை நிறுத்தி ஒரு வருடம் தாண்டியிருந்தது. அந்த வாரம்தான் அம்மா தேக்கா பக்கம் அடகுக்கடையில் இரண்டு வளையலை வைத்துவிட்டு, வரும் வழியில் மெழுகுதிரி வாங்கினார். ரோஸ் கிடைக்கவில்லை. வெள்ளைத் திரியில் தேங்காயெண்ணெய் தடவி, ரோஸ் கோலப்பொடியை உள்ளங்கையால் உருட்டி உருட்டி ஏற்றினார். அப்பா தொட்டுப் பார்த்தார், விரலெல்லாம் ரோஸ்.

“இது நிக்காது.”

“ஒரு வாரம் நின்னா போதும்,” என்றார் அம்மா.

எரிய எரிய நிறம் மெழுகோடு வழிந்து பீங்கான் தட்டில் படிந்தது. கறை போகாத அந்தத் தட்டு இப்போது என் வீட்டில் இருக்கிறது.

சரி, டிக்கெட்டுக்குப் பணம் குறைந்தால் கூச்சப்படாமல் எழுதுங்கள். இந்த வாரமே.

அன்புடன்,
அக்கா