பேய்க்கதைகளில் ஏன் எப்போதும் கத்தோலிக்கப் பாதிரியாரே வருகிறார்?

ஆங்கிலப் பேய்க்கதைகளில் பேயை விரட்ட வருபவர் ஏன் கத்தோலிக்கப் பாதிரியாராகவே இருக்கிறார், மற்ற சபைப் போதகர்கள் பேய் ஓட்டுவதில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓட்டுகிறார்கள். ஆனால் இந்த வகைக் கதையைத் தொடங்கி வைத்தவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்களே அல்ல. கத்தோலிக்கத்தைக் கைவிட்ட ஒரு நாடு, கைவிட்டதை நினைத்துப் பயந்ததில் பிறந்த கதைகள் அவை.

மன்னர் எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரை இங்கிலாந்தின் ஏறக்குறைய 800 மடங்களை மூடினார். கூரையில் இருந்த ஈயத்தை உருக்கி எடுத்தார்கள், கல்லை அக்கம்பக்கத்தார் வீடு கட்டக் கொண்டுபோனார்கள், மிச்சச் சுவர்கள் நின்றன. கட்டடத்தோடு உத்தரிக்கிற ஸ்தலமும் போயிற்று; இறந்தவர்களின் ஆன்மா சொர்க்கம் போகுமுன் பாவம் தீர வேதனைப்படும் இடம் அது. இங்கிலாந்துத் திருச்சபையின் 39 கொள்கைகளில் 22ஆவது, அந்தப் போதனையை வீண் கற்பனை என்று தள்ளிவிட்டது. அதுவரை ஆவி வந்தால் செய்யவேண்டியது எல்லோருக்கும் தெரியும்: என்ன வேண்டும் என்று கேட்டு, அதற்காகப் பூசை வைத்தால் போய்விடும். உத்தரிக்கிற ஸ்தலமே இல்லை என்றான பிறகு, வந்திருப்பது பிசாசின் வேஷமா, பார்த்தவரின் மூளைக்கோளாறா? ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் ஹாம்லெட்டின் சிக்கலே இதுதான். அப்பாவின் ஆவி, பாவம் எரிந்து தீரும்வரை நெருப்பில் இருப்பதாகச் சொல்கிறது. மகன் படித்ததோ, புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரின் ஊரான விட்டன்பர்க்கில்.

பிறகு 1764இல் ஹொரேஸ் வால்போல் எழுதிய 'ஒட்ரான்டோ கோட்டை' என்ற திகில் நாவல், வடஇங்கிலாந்தின் ஒரு பழைய கத்தோலிக்கக் குடும்பத்து நூலகத்தில் கிடைத்த, 1529இல் நேப்பிள்ஸில் அச்சான புத்தகம் என்ற பொய்முகத்தோடுதான் வெளிவந்தது. அடுத்த அறுபது ஆண்டுகளுக்குக் கெட்ட துறவி, சிறைப்பட்ட கன்னியாஸ்திரி, மதக்கொள்கை மீறியவர்களை விசாரித்த கத்தோலிக்க மன்றத்தின் நிலவறை என்று ஒரே சரக்கு. 1820இல் 'மெல்மோத்' என்ற இவ்வகை நாவலை எழுதிய மாத்யுரின், டப்ளினில் புராட்டஸ்டன்ட் குருவாக இருந்தவர்.

ஆனால் இந்தப் பயத்தைத் தாங்கி நிற்கும் எலும்புக்கூடு திருச்சபைச் சட்டம். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் என்ற கத்தோலிக்கப் பேரவை, பூசையில் அப்பம் மெய்யாகவே கிறிஸ்துவின் உடலாக மாறுகிறது என்று வரையறுத்தது. அதே சங்கத்தின் 20ஆவது விதி, நற்கருணை எனப்படும் அந்த அப்பத்தையும் கிறிஸ்மா என்ற புனித எண்ணெயையும் பூட்டி வைக்கச் சொல்கிறது: துணிந்த எவனாவது கையை நீட்டி எடுத்துக் கொடிய காரியங்களுக்குப் பயன்படுத்திவிடக் கூடாதாம். 21ஆவது விதி ஆண்டுக்கு ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தை, அதாவது குருவிடம் பாவத்தை ஒப்புக்கொள்வதைக் கட்டாயமாக்கி, கேட்டதை வெளியே சொல்லும் குருவுக்குத் தண்டனையும் வைத்தது. திருட ஒரு பொருளும் சொல்லக் கூடாத ஒரு ரகசியமும் அங்கேயே தயார்.

இந்தச் சட்டம் தெரியாமல் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு 'டிராகுலா' (1897) நல்ல உதாரணம். அதில் இரத்தக்காட்டேரியை வேட்டையாடும் வான் ஹெல்சிங் நற்கருணை அப்பத்தைப் பொடித்து, பிசைந்த மாவோடு சேர்த்துக் கல்லறைக் கதவின் இடுக்கை அடைக்கிறார். கேட்டால் திருச்சபையிடம் 'பலன்' (indulgence) வாங்கியிருக்கிறேன் என்கிறார். பலன் என்பது மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மிஞ்சியிருக்கும் தண்டனையைக் குறைப்பது. அப்பத்தைச் சாந்துபோல் பூச எந்தப் பலனும் அனுமதி தராது. அதை எழுதிய ஸ்டோக்கர் அயர்லாந்துப் புராட்டஸ்டன்ட். 1614இல் வந்த கத்தோலிக்கரின் ரோமைச் சடங்கு நூலோ, அவமரியாதை நேரலாம் என்பதால் பேய்பிடித்தவரின் தலையிலோ உடலிலோ நற்கருணையை வைக்கவே கூடாது என்கிறது.

கதை எழுதுகிறவர்கள் அந்த நூலின் பேயோட்டும் பகுதியை அவசியம் படிக்க வேண்டும். எளிதில் நம்பிவிடாதே என்பது அதன் தொடக்க எச்சரிக்கைகளில் ஒன்று. பேய் பிடித்ததற்கு அடையாளங்களாக மூன்று: தெரியாத மொழியில் நீளப் பேசுவது அல்லது அதைப் புரிந்துகொள்வது, தூரத்தில் நடப்பதையும் மறைந்ததையும் சொல்வது, வயதுக்கு மீறிய பலம். குரு வெள்ளை மேலங்கியும் தோளில் போடும் ஊதா நிறத் துணிப்பட்டையும் அணிய வேண்டும். அந்தப் பட்டையின் முனையைப் பாதிக்கப்பட்டவரின் கழுத்தில் சுற்றி, வலக்கையைத் தலையில் வைக்க வேண்டும். எத்தனை ஆவிகள், பெயர் என்ன, எப்போது புகுந்தன என்று கேட்கலாம், வம்புக்கேள்வி கூடாது. மருந்து கொடுப்பது மருத்துவர் வேலை.

பிளாட்டியின் 'எக்ஸார்சிஸ்ட்' (1971) நாவல் அந்த மூன்று அடையாளங்களையும் கதையின் முதுகெலும்பாக ஆக்கிக்கொண்டது. குழாய்த் தண்ணீரைத் தீர்த்தம் என்று சொல்லித் தெளித்ததும் சிறுமி அலறுகிறாள், சந்தேகம் கூடுகிறது. புரியாத மொழி என்று பதிவு செய்தது, திருப்பி ஓட்டினால் ஆங்கிலம். நம்ப விரும்பாத குருவை விதிகளே மெல்ல மெல்ல மூலைக்குத் தள்ளுகின்றன. காலமும் பொருந்தியது. லத்தீன் பூசை வழக்கொழிந்துகொண்டிருந்தது. 1972இல் போப் ஆறாம் பவுல், குருவாவதற்கு முந்தைய படிகளில் ஒன்றான பேயோட்டுநர் என்ற சிறு பட்டத்தையே நீக்கினார்.

நீங்களே எழுதப் போகிறீர்கள் என்றால் அடிக்கடி சறுக்கும் இடங்கள்: பங்குக் குரு தாமாக இதில் இறங்க முடியாது; திருச்சபைச் சட்டத்தின் 1172ஆவது விதிப்படி ஆயரின் வெளிப்படையான அனுமதி வேண்டும். பழைய முறையில் தீர்த்தம் ஒரு சிலுவை அடையாளத்தில் ஆகிவிடாது. உப்பைத் தனியே, தண்ணீரைத் தனியே மந்திரித்து, உப்பைச் சிலுவை வடிவில் மூன்று முறை தூவ வேண்டும். கதை 1999க்குப் பிறகு நடந்தால் புதிய சடங்கு நூல் பொருந்தும். அதில் கடவுளை நோக்கிய மன்றாட்டு ஒரு வகை, பிசாசை நோக்கிய கட்டளை இன்னொரு வகை. மன்றாட்டை மட்டும் சொல்லி நிறுத்தலாம். மன்றாட்டு இல்லாமல் கட்டளைக்குப் போகக் கூடாது. திரைப்படப் பாதிரியார்கள் எடுத்த எடுப்பில் கத்துவது அந்த இரண்டாவது வகை.