வானத்தில் நான்கேகால் மணி நேரம்

கேள்வி: மகளின் பிரசவத்துக்குத் துணையாகச் சிங்கப்பூர் போகிறேன். எனக்கு இதுவே முதல் விமானப் பயணம். சென்னையில் இரவு 11.15க்குப் புறப்பட்டுக் காலை 6.00க்குச் சேரும் என்று டிக்கெட்டில் இருக்கிறது. திரும்பும்போது அங்கே இரவு 8.00க்குப் புறப்பட்டு 9.45க்கே சென்னை வந்துவிடுகிறது. போக ஆறேமுக்கால் மணி, வர ஒன்றேமுக்கால் மணியா? எனக்கு மூட்டுவலி, அவ்வளவு நேரம் உட்கார முடியாது. திருச்சியிலிருந்து போனால் நேரம் குறையுமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. போகவும் வரவும் நான்கேகால் மணி நேரம்தான். புறப்படும் நேரத்தை ஏறுகிற ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரத்தை இறங்குகிற ஊரின் கடிகாரப்படியும் அச்சிடுவார்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி. அங்கே காலை 6.00 என்றால் மன்னார்குடியில் பின்னிரவு 3.30. உங்கள் உடம்புக்கும் 3.30தான். மகள் வீட்டுக்குப் போனதும் அடுப்படிக்குப் போகாமல் முதலில் படுத்துத் தூங்குங்கள்.

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நேர்வழியில் சுமார் 2,900 கிலோமீட்டர். உயரத்தில் விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் அளவில் பறக்கும். கணக்குப் போட்டால் மூன்றரை மணி நேரம்கூட ஆகாது. மிச்ச நேரம் எங்கே போகிறது? நான் முப்பத்தோரு ஆண்டுகள் மீனம்பாக்கத்தில் விமானங்களுக்கு அடியில் நின்று வேலை பார்த்தவன். நிற்கும் விமானத்தின் சக்கரம் உருளாமல் முன்னும் பின்னும் கட்டை வைத்திருப்போம். அந்தக் கட்டையை எடுத்த பிறகு விமானம் நகர்வதிலிருந்து, அடுத்த ஊரில் நின்று மறுபடி கட்டை வைக்கும்வரை உள்ளதுதான் டிக்கெட்டில் காணும் நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்கத் தன் முறை வரும்வரை வட்டமடிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம்.

காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆடி மாதம் நம் ஊரில் மேற்கிலிருந்து காற்று வீசுகிறது அல்லவா? அதே நாட்களில் பதினான்கு, பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் காற்று நேர்மாறாகக் கிழக்கிலிருந்து பாய்கிறது. கீழே கோடை என்னும் மேற்குக் காற்று, மேலே கொண்டல் என்னும் கிழக்குக் காற்று! இதைக் கண்டறிந்து 1950களில் எழுதியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம். அந்த மாதங்களில் சிங்கப்பூர் போகும்போது எதிர்காற்று. வரும்போது பின்னிருந்து தள்ளும். சில நிமிடங்கள் கூடும், குறையும்.

திருச்சியிலிருந்தும் வான்வழித் தூரம் ஏறக்குறைய இதேதான். திருச்சி தெற்கே இருந்தாலும் சென்னையைவிட மேற்கே தள்ளியிருக்கிறது. ஆனால் உங்கள் மூட்டுக்கு விமானத்தைவிட மன்னார்குடி–சென்னைப் பயணம்தான் கடினம். அதனால் அடுத்த முறை திருச்சியிலேயே ஏறுங்கள். இந்த முறை நடைபாதையோர இருக்கை கேட்டு வாங்கி, மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள். சக்கர நாற்காலி வேண்டும் என்று இன்றைக்கே விமான நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். அதில் கூச்சமே வேண்டாம். 11.15 விமானத்துக்கு இரவு எட்டு மணிக்கெல்லாம் நிலையத்தில் இருக்க வேண்டும். அழைத்துப்போக மகள் வீட்டார் வரவேண்டியது மறுநாள் தேதியில். அதை அவர்களுக்கு நினைவூட்டுங்கள்.

கேள்வி: சிங்கப்பூருக்கும் நமக்கும் இரண்டு மணி நேர வித்தியாசம் என்று அப்பா அடித்துச் சொல்கிறார். அவர் அங்கே பல வருடம் வேலை பார்த்தவர்.
– வாசகர், அறந்தாங்கி

பதில்: அவர் 1982க்கு முன் ஊர் திரும்பியவராக இருக்க வேண்டும். அதுவரை இரண்டு மணி நேரம்தான். தன் தீபகற்பப் பகுதிக்கும், கடல் தாண்டி போர்னியோ தீவிலுள்ள தன் சபா, சரவாக் மாநிலங்களுக்கும் ஒரே நேரம் இருக்கட்டும் என்று மலேசியா முடிவு செய்தபோது சிங்கப்பூரும் சேர்ந்துகொண்டு, 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரையைப் பன்னிரண்டாக்கியது. அப்பா சொன்னது அவர் காலத்துக்குச் சரி என்று அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.